அழைத்தால் வருபவர் போதாது: பொது மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், செவிலியர் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு நர்ஸ். 12 ஆண்டுகள் பொது மருத்துவ வார்டிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் வேலை பார்த்தேன். அதன்பிறகு மனநலச் செவிலியர் பயிற்சி முடித்து, கடந்த 9 ஆண்டுகளாக மனநல இணைப்புச் செவிலியராக இருக்கிறேன். வார்டில் எங்களை லயசான் நர்ஸ் என்பார்கள். உடம்புக்கு முடியாமல் பொது மருத்துவமனையில் படுத்திருப்பவர்களின் மனநலத்தைக் கவனிப்பதும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் துணை நிற்பதும் எங்கள் வேலை. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வர்றீங்களா?" என்பதுதான். கேட்கும் குரலில் பயம் இருக்கும். "இல்லைங்க, நான் இந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான்" என்றதும் அந்தப் பயம் பாதியாகக் குறைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்படித் தொடர்ந்து சொல்ல எங்களுக்கு இடம் இருக்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

செலவைக் குறைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் பதவி மேசைக்கு வந்துவிடுகிறது. யோசனை எப்போதும் ஒன்றுதான். வார்டுக்கென்று தனியாக ஒரு மனநல நர்ஸ் எதற்கு? வந்து பாருங்கள் என்று வார்டு எழுதி அனுப்பும் ரெஃபரல் ஒரு நாளைக்கு நாலைந்துதானே வருகிறது. வெளியிலிருந்து ஒரு குழுவை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது போன் செய்து கூப்பிட்டுக்கொள்ளலாமே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரைப் பற்றி அந்த போன் வரும், யாரைப் பற்றி வராது என்று நீங்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு ரெஃபரலின் கதையைச் சொல்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 78 வயது அம்மா. மூன்றாவது நாள் இரவு ட்ரிப்பைப் பிடுங்கிப் போட்டார். கூரையில் ஆட்கள் நடக்கிறார்கள் என்று கத்தினார். கிட்டே போன நர்ஸின் கையைக் கடித்துவிட்டார். எனக்கு வந்த தாளில் ஒரே வரி: "மனநோயாளி, மனநலப் பிரிவுக்கு மாற்றவும்." போய்ப் பார்த்தேன். அவருடைய காது கேட்கும் கருவி கட்டில் பக்கத்து அலமாரியில் கிடந்தது. கண்ணாடி பைக்குள் இருந்தது. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்லாக இருந்தது. முந்தின இரவு தூக்கத்துக்கு என்று புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருந்தார்கள். மகளிடம் கேட்டேன். அறுவைக்கு முதல் நாள் வரை வீட்டுக் கணக்கை அவர்தான் எழுதிவந்தாராம். மனநோய் எதுவும் இல்லை. அவருக்கு வந்தது டெலிரியம்.

டெலிரியம் என்பது உடம்பில் ஏற்பட்ட கோளாறு மூளையைத் தற்காலிகமாகத் தடுமாற வைப்பது. கிருமித்தொற்று, நீர் வற்றுவது, வலி, மலச்சிக்கல், புதிய மருந்து, தூக்கமின்மை எதுவும் காரணமாகலாம். சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் திடீரென்று வரும். காலையில் தெளிவாகப் பேசுவார், சாயங்காலம் ஆள் அடையாளம் தெரியாது. கவனம் ஒரு இடத்தில் நிற்காது. இதைக் கட்டிலருகிலேயே கண்டுபிடிக்க ஷாரன் இனோயி என்ற முதியோர் மருத்துவரும் அவர் குழுவும் 1990-இல் ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். கேம் என்று சுருக்கமாகச் சொல்வோம். பின்னாளில் வந்த ஃபோர் ஏ டி என்ற சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். மாதங்களின் பெயரைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வதும் அதில் ஒரு பகுதி. வேறு கருவி எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார ஆள்தான் வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் குழாயைச் சரிசெய்தோம். டாக்டரிடம் பேசித் தூக்க மாத்திரையை நிறுத்தினோம். காதில் கருவியை மாட்டிவிட்டோம். கையைக் கட்ட எடுத்துவைத்திருந்த துணியை அலமாரிக்கே திருப்பி அனுப்பினேன், ஏனென்றால் கட்டினால் இந்த நிலையில் இருப்பவர்களுக்குப் பயமும் முரண்டும் இன்னும் கூடும். இரண்டு நாளில் தெளிந்தார். கடித்தது அவருக்கு நினைவில்லை. கடிபட்ட நர்ஸிடம் இதை நான் சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணின் கோபமும் அழுகையும் தணிந்தன.

சரி, இதுவரை கூப்பிட்டதால் நடந்தது. அதே நாளில் அதே வார்டில், இரண்டு கட்டில் தள்ளி, இன்னொருவர் படுத்திருந்தார். நிமோனியாவுக்கு வந்தவர். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கொடுத்ததைக் கொஞ்சம் சாப்பிட்டார், மற்ற நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "அவர் ரொம்ப நல்ல பேஷண்ட்" என்றார்கள். நான் அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறபோதும் வருகிறபோதும் அவரைக் கடந்துதான் போனேன். இரண்டாம் முறை கடந்தபோது, மூடியிருந்த கையில் பாதி கடித்த மாத்திரை இருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை, ஒரு கேள்வியின் முடிவுக்குப் போவதற்குள் முதல் பாதி மறந்துவிடுகிறது. இதுவும் டெலிரியம்தான், அமைதியான வகை. கத்தும் வகையைவிட இதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது, அதனாலேயே கெடுதலும் அதிகம். நாட்கள் ஓடும், படுக்கைப் புண் வரும், விழுங்கும்போது புரையேறும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அவரைப் பற்றி ஒரு ரெஃபரலும் வரவில்லை. வந்திருக்கவும் மாட்டாது. தொந்தரவு செய்யாத நோயாளிக்காக யார் போனை எடுப்பார்கள்? கூப்பிட்டால் வரும் ஏற்பாட்டில் கத்துகிறவர் மட்டும்தான் கண்ணில் படுவார். நான் அங்கே நடந்துபோய்க்கொண்டிருந்தேன், அதனால் அவரைப் பார்த்தேன். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

இந்த எண்ணம் என்னுடையது இல்லை, பழையது. 1929-இல் ஜார்ஜ் ஹென்றி என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஒவ்வொரு பொது மருத்துவமனையின் ஊழியர்களிலும் ஒரு மனநல மருத்துவர் இருக்க வேண்டும், அவர் வார்டுகளுக்குத் தவறாமல் போய்வர வேண்டும் என்று எழுதினார். தவறாமல் போய்வர வேண்டும் என்றுதான் சொன்னார், கூப்பிடும்போது என்று சொல்லவில்லை. 1930-களில் கொலராடோவில் எட்வர்ட் பில்லிங்ஸ் அப்படியொரு துறையை நடத்தினார், 'லயசான் சைக்யாட்ரி' என்ற பெயர் அவர் காலத்தில் நிலைபெற்றது. 1960-களில் நர்ஸுகள் இந்த வேலைக்குள் வந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தே பேசுவோம். கன்சல்டேஷன் என்றால் கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஒரு நோயாளியைப் பார்த்து, கேஸ் ஷீட்டில் கருத்து எழுதிவிட்டுத் திரும்புவது. லயசான் என்றால் அந்த வார்டோடு சேர்ந்து வேலை பார்ப்பது. இரண்டும் வேண்டும். ஆனால் சேமிக்கிறோம் என்று வெட்டும்போது வெட்டுப்படுவது எப்போதும் இரண்டாவதுதான், ஏனென்றால் அதற்கு எண்ணிக்கை கிடையாது.

முதியோர் வார்டில் டெலிரியத்தை வராமலே தடுக்கலாம் என்பதற்கு 1999-இல் ஒரு நல்ல சான்று வந்தது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரை இனோயியின் குழு கவனித்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிப் பேருக்குத் தினமும் நாள், இடம் சொல்லி நினைவூட்டுவது, எழுந்து நடக்க வைப்பது, கண்ணாடியும் காது கருவியும் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, இரவில் மாத்திரை இல்லாமல் தூங்கச் சூழ்நிலை செய்து தருவது. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காடு பேருக்கு டெலிரியம் வந்தது. மற்றப் பிரிவில் 9.9 விழுக்காடு. இதில் எதுவும் பெரிய மருத்துவம் இல்லை. ஆனால் கூப்பிட்டுச் செய்கிற காரியமும் இல்லை. வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது, அதனால் முன்பே அங்கே இருக்கும் ஒருவர் பழக்கிவிட வேண்டியது.

அடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்து வந்தவர்கள். இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

அவசரப் பிரிவில் உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அதில் நம் டாக்டர்களும் நர்ஸுகளும் காட்டும் வேகம் எனக்குப் பெருமை. அதன்பிறகு அந்த மனிதர் வார்டுக்கு வருகிறார். அங்கே என்ன நடக்கிறது? முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கெட்ட மனசினால் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாததால். அதைப் பற்றிக் கேட்டால் மறுபடி தூண்டிவிடுவோமோ என்ற பயம். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகவும் நிதானமாகவும் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. பல பேருக்கு அது முதல் ஆறுதல். இதை நான் வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். பக்கத்தில் நின்று நான் கேட்பதை ஒருமுறை பார்த்த நர்ஸ்தான் அடுத்த முறை தானே கேட்கிறார். ஒரு இளம் நர்ஸ் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அக்கா, நீங்க கேட்டப்ப அவர் கோபப்படுவார்னு நினைச்சேன். அவர் பெருமூச்சு விட்டார்."

மனநல ஒப்பினியன் வாங்கிவிட்டால் டிஸ்சார்ஜ் செய்துவிடலாம் என்று காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே என்னைக் கூப்பிடுவார்கள். ஆபத்து அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நான் எழுத மாட்டேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: மறுபடி முயல்வாரா என்று கணிக்க மதிப்பெண் அட்டவணைகளைப் பயன்படுத்த வேண்டாம், அதிகம் நடுத்தரம் குறைவு என்று பிரித்து அதை வைத்து யாருக்குச் சிகிச்சை என்று முடிவுசெய்யவும் வேண்டாம். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்க வேண்டும். எது அந்த நாளுக்கு இழுத்து வந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, வீட்டுக்குப் போனால் யார் இருப்பார்கள், மறுபடி அந்த எண்ணம் வந்தால் முதலில் என்ன செய்வார், யாரிடம் சொல்வார், வீட்டில் ஆபத்தான பொருட்களை யார் அப்புறப்படுத்துவார். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். திரையை இழுத்துவிட்டு, எட்டுப் பேர் காது கொடுத்துக்கொண்டிருக்கும் அறையில் இதைக் கேட்க முடியாது. நான் ஒருமுறை அழுக்குத் துணி வைக்கும் அறையில் வைத்து ஒருவரிடம் பேசினேன். வேறு இடம் இல்லை. இத்தனை பெரிய கட்டடத்தில் கதவு சாத்திப் பேச ஒரு அறை இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் ஒரு ஆய்வு செய்து 2008-இல் முடிவை வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. 18 மாத முடிவில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 2.2 விழுக்காடு பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பேசித் தொடர்பில் வைத்திருந்தவர்களில் 0.2 விழுக்காடு. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. ஒரு மனிதர், ஒரு மணி நேரம், பிறகு ஒன்பது விசாரிப்புகள். உலகில் ஆண்டுக்கு 7,20,000-க்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோரை நாம் சந்திக்கும் இடம் மனநல மருத்துவமனை இல்லை, உங்கள் அவசரப் பிரிவுதான்.

இனி, மருந்துகள். ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் வேறு காரணத்துக்காக உங்களிடம் வந்து படுக்கிறார். அவர் மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், 48 மணி நேரத்துக்கு மேல் அது விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுத்துவிடக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். அறுவைக்காக வெறும் வயிற்றில் வைத்து, அப்புறம் இரண்டு நாள் மறந்து, மூன்றாம் நாள் "வழக்கமான மருந்தைத் தொடரவும்" என்று எழுதிய சீட்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன். அதே மனிதர் தினமும் புகைபிடிப்பவராக இருந்து, வார்டில் திடீரென்று நிறுத்தினால், ரத்தத்தில் க்ளோசபின் அளவு ஏறும். புகையில் உள்ள பொருட்கள்தான் அதுவரை கல்லீரலில் அதை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன, நிக்கோட்டின் பட்டை ஒட்டினாலும் அந்த வேலை நடக்காது. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலோ, வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மருந்து எழுதினாலோ லித்தியம் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். கை நடுக்கம், தள்ளாட்டம், குழறல் வரும். அதைப் பார்த்து "மனநோய் முற்றிவிட்டது" என்று எழுதிவிட்டால் எங்கே போய்ச் சொல்வது?

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மனச்சிதைவு உள்ள ஒருவர் வயிறு வலிக்கிறது என்றால் நம்ப மாட்டோம். பழைய ஃபைலைப் பார்த்ததும் வலியும் மனப்பிரமை ஆகிவிடுகிறது. அப்படி இரண்டு நாள் வலியோடு கிடந்த ஒரு தம்பியை நான் பார்த்தேன். வயிறு பானை மாதிரி இருந்தது. க்ளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும், மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்து உயிரே போகலாம். நான் செய்ததெல்லாம் அவர் எத்தனை நாளாக வெளியே போகவில்லை என்று கேட்டதும், சர்ஜரி டாக்டரை உடனே கூப்பிட்டதும்தான். அவர் பிழைத்தார். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு உடல் நோய்களால், நாம் உடலாகப் பார்க்கத் தவறிய நோய்களால். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் லயசான் நர்ஸ் ஆவதற்கு முன் நானும் அந்த மாதிரி ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டுக் கட்டிலைக் கடந்துபோயிருக்கிறேன்.

குடியை நிறுத்துவதால் வரும் தொல்லைகளைப் பற்றி உங்கள் டாக்டர்களுக்கே நன்றாகத் தெரியும், நீட்டவில்லை. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், இரண்டாம் மூன்றாம் நாளில் டெலிரியம் டிரமென்ஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான குழப்ப நிலை. கால் முறிவுக்கு வந்தவர் மூன்றாம் நாள் ஏன் பூச்சி பறக்கிறது என்கிறார் என்று அப்போது யோசிப்பதைவிட, முதல் நாளே மரியாதையோடு "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்க வேண்டும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியை மறக்காமல் போட வேண்டும். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வும் இப்படித்தான் தப்பிப் போகிறது. 1993-இல் மாண்ட்ரியலில் 222 நோயாளிகளைக் கவனித்ததில், மாரடைப்புக்குப் பின் கடும் மனச்சோர்வு இருந்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் இறந்தார்கள் என்று தெரிந்தது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "நோய் வந்தா கவலை இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

சிகிச்சை வேண்டாம் என்று சொல்கிறவரையும் எங்களிடம் அனுப்புவார்கள். கால்விரல் அழுகியும் அதை எடுக்கச் சம்மதிக்காத ஒரு பெரியவரைப் பார்க்கச் சொன்னார்கள், புத்தி சரியில்லை என்று எழுத வேண்டுமாம். அவருக்குச் சொன்னது புரிந்தது, நினைவில் நின்றது, நல்லது கெட்டதை நிறுத்துப் பார்க்க முடிந்தது, முடிவைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. வேண்டாம் என்பதற்குக் காரணமும் இருந்தது: அவர் அண்ணனுக்கு விரலில் தொடங்கி முழங்கால் வரை போயிற்று. பயந்திருந்தார். சர்ஜன் வந்து எதுவரை எடுப்போம் என்று காலில் கோடு போட்டுக் காட்டியதும் சம்மதித்தார். மறுப்பது பைத்தியம் இல்லை. பல நேரங்களில் அது யாரும் பதில் சொல்லாத ஒரு கேள்வி.

இப்போது பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மேசையில் அதுதான் இருக்கிறது. பிரிட்டனில் பர்மிங்ஹாமின் சிட்டி மருத்துவமனையில் 2009-இல் ரெய்ட் என்ற மனநல இணைப்புக் குழு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இருந்தது. அவசரப் பிரிவு கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள், வார்டு கூப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆள் வந்தது. வார்டு ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. அதைப் பொருளாதார வல்லுநர்கள் மதிப்பிட்டபோது, செலவழித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் நாலு பவுண்டுக்கு மேல் மிச்சமானதாகக் கணக்கு வந்தது. முதியவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியதில்தான் பெரும்பங்கு மிச்சம். எங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கைத்தான் எல்லாக் கூட்டத்திலும் காட்டுகிறோம்.

ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். அது குழு வருவதற்கு முன்பும் பின்பும் இருந்ததை ஒப்பிட்ட கணக்கு. பிறகு இங்கிலாந்தில் மூன்று மருத்துவமனைகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்தது. 2024-இல் முடிவு வந்தது. யாரும் கூப்பிடாமலே மனநல மருத்துவர் வார்டோடு சேர்ந்து வேலை பார்த்தும், முதல் 30 நாட்களில் மருத்துவமனையில் தங்கும் காலம் குறிப்பிடும்படி குறையவில்லை. நான் வேண்டுவதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு அது, அதனால் அந்த முடிவை மறைத்துவிட்டு உங்களிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆகவே படுக்கைகள் காலியாகும் என்று வாக்குக் கொடுத்து இந்தப் பதவியைக் கேட்கவில்லை. மாரடைப்புக்கு மருந்து கொடுக்கும்போது அது படுக்கையை மிச்சப்படுத்துமா என்று நாம் கேட்பதில்லை, நோயாளிக்குத் தேவை என்பதால் கொடுக்கிறோம். அமைதியாகக் குழம்பிக் கிடப்பவருக்கும், வாழப் பிடிக்காமல் படுத்திருப்பவருக்கும், வலியை நம்ப ஆளில்லாதவருக்கும் அதே நியாயம் வேண்டும்.

கேட்பது என்ன என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனநல இணைப்புச் செவிலியர் உங்கள் மருத்துவமனையின் ஊழியராக இருக்கட்டும், வார்டு ரவுண்டில் நிற்கட்டும், உங்கள் கேஸ் ஷீட்டில் எழுதட்டும். அவர் வேலையை ரெஃபரல் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். எந்த ரெஃபரலும் இல்லாமல் முதியோர் வார்டில் நடந்துபோகும் நேரம்தான் அவருடைய வேலையில் சிறந்த பகுதி. இரவுக்கும் ஒருவர் வேண்டும், டெலிரியமும் தற்கொலை எண்ணமும் இரவில்தான் கூடுகின்றன, அந்நேரம் வார்டில் இரண்டு நர்ஸுகள்தான் இருப்பார்கள். அவருக்குப் பின்னால் உடனே பேசக் கிடைக்கும் ஒரு மனநல மருத்துவர் இருக்க வேண்டும். தனியாக விடப்பட்ட லயசான் நர்ஸ் ஓரிரு வருடத்தில் களைத்துப் போய்விடுவார், நான் அப்படிப் போன இரண்டு நல்ல சகாக்களைப் பார்த்துவிட்டேன். கதவு சாத்தும் ஒரு அறை வேண்டும். முரண்டு பிடிப்பவரை அடக்கும் காவலாளியாகவோ, படுக்கையைக் காலி செய்ய முத்திரை குத்தும் ஆளாகவோ அவரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வார்டு நர்ஸுகளுக்காக ஒன்று. ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, ஒரு வாரத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்ற செய்தி வந்த நாளில், அவருக்கு மூன்று நாள் ஊசி போட்ட பெண் மருந்து அறையில் நின்று அழுதாள். டியூட்டி முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவளைத் தேடி யாரும் வரவில்லை. நான் பக்கத்து வார்டில் இருந்ததால் தெரிந்தது. பத்து நிமிடம் கூட நின்றேன், மறுநாள் அந்த ஷிப்ட் முழுவதையும் உட்கார வைத்துப் பேசினோம். போன் எண்ணாக மட்டும் நான் இருந்திருந்தால் அவள் எனக்கு போன் செய்திருக்க மாட்டாள். தான் அழுவதற்கு யாரும் ரெஃபரல் போட்டுக்கொள்வதில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு இரவு, முன்கூட்டிச் சொல்லாமல், உங்கள் முதியோர் வார்டுக்குப் போங்கள். இருப்பவர்களில் மிக அமைதியாகப் படுத்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது என்ன இடம், இன்று என்ன கிழமை என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் தடுமாறினால், டியூட்டி நர்ஸிடம் போய், இந்நேரத்தில் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் கூட்டத்துக்குப் போங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
ஒரு மனநல இணைப்புச் செவிலியர்